போர்ப் படங்களும் பார்ப்போர் சுவையும்

கண்டி மாநகரிலிருந்து ஏறத்தாழ நான்கு மைல் தொலைவில், மகாவலி கங்கை வளைந்து திரும்பும் இடத்தில், பேராதனைத் தாவரவியற் பூங்கா அமைந்திருக்கிறது. 1821ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அப்பூங்காவுக்குச் செல்வோர் வரிசையாக நிற்கும் பனையின மரங்களையும், புல்வெளியில் குடைபோல் விரிந்து நிற்கும் பெரிய அத்தி மரத்தையும் கண்டு களித்துத் திரும்புவர். அந்த மரநிழலில் ஒரு காலத்தில் போர் வரைபடங்கள் விரிக்கப்பட்டிருந்தன என்பது அவர்களுட் பலருக்குத் தெரியாது.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மௌன்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து இங்கே கொண்டுவந்தார். பூங்காவினுள்ளே கொட்டகைகள் எழுந்தன. பர்மாவில் ஜப்பானியரை எதிர்த்து நிகழ்ந்த போருக்கு வேண்டிய திட்டங்கள் அங்கே வகுக்கப்பட்டன. பதின்மூன்று ஆண்டுகளின் பின் வெளிவந்த ஒரு திரைப்படத்தில் அதே பூங்கா மீண்டும் போர்க்கோலம் பூண்டது. ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் அந்த ஆங்கிலப் படத்தில், ஜப்பானியர் முகாமிலிருந்து தப்பி வந்த அமெரிக்கன் ஒருவனை மீண்டும் காட்டுக்குள் செல்லுமாறு ஓர் ஆங்கிலேய அதிகாரி நயமாகப் பேசி இணங்க வைக்கிறார். அந்த இரகசியப் படையின் இருப்பிடமாகத் திரையில் தோன்றுவது பேராதனைப் பூங்காவே. மெய்யான போரிலும் அத்தகைய இரகசியப் படையொன்று கண்டியில் தன் தலைமையகத்தை வைத்திருந்தது. 136ஆம் படை என்பது அதன் பெயர். கதையில் இலக்கங்கள் இடம் மாறி அது 316ஆம் படையாயிற்று.

இடங்கள் தாமாகவே நடிக்க வந்த இந்த நிகழ்ச்சியை முன்வைத்து, போர்ப் படங்களைப் பற்றியும் அவற்றில் நடித்தோரைப் பற்றியும் மக்களுக்கு உண்டாகும் விருப்பு வெறுப்புக்களை ஆராய்வது பயனுடையது. விருப்பம் அவரவர் சொந்த உடைமை என்று சொல்வதுண்டு. ஒருவருக்குத் துப்பாக்கி வெடிக்கும் காட்சியே படம். இன்னொருவருக்குத் தாம் விரும்பும் நடிகர் இராணுவ உடையில் தோன்றினால் போதும், கதை எப்படிப் போனாலும் கவலையில்லை. மற்றொருவர் படமாளிகையை விட்டு வெளியே வந்ததும், “இது இப்படி நடக்கவில்லையே!” என்று தொடங்கிவிடுவார். இம்மூவரும் ஒரே வீட்டில் இருந்தால் அன்றிரவு உணவு ஆறிப்போவது நிச்சயம். ஆனால் இவ்வாதங்களை உற்றுக் கேட்டால், அவற்றின் அடியிலே ஒரு கேள்வி ஒளிந்திருப்பதைக் காணலாம். இந்தப் போரில் என்னவர்கள் எங்கே என்பதுதான் அது.

இக்கேள்வியை உரத்த குரலிற் கேட்டவர்கள் முதலில் ஆங்கிலேயரே. 1945ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘ஒப்ஜெக்டிவ், பர்மா’ என்றொரு படம் வெளியாயிற்று. ராவுல் வோல்ஷ் இயக்கிய அப்படத்தில் எரல் ஃபிளின் கதாநாயகர். வாள் வீச்சிலும் குதிரை ஏற்றத்திலும் உலகத்தை மயக்கிய நடிகர் அவர். அமெரிக்கப் பாரசூட் வீரர் சிலர் பர்மாக் காட்டில் இறங்கி, ஜப்பானியரின் ராடர் நிலையத்தைத் தகர்த்து, பெருந்துன்பத்துக்கிடையே மீண்டு வருவதே கதை. படம் விறுவிறுப்பானதுதான், இன்றும் அதை வியப்போர் உண்டு. ஆனால் பர்மாப் போரில் பெரும்பாரம் சுமந்தது பிரித்தானியரின் 14ஆவது இராணுவம். அதிலும் பெருந்தொகையினர் இந்தியர். கிழக்கு ஆபிரிக்கரும் கூர்க்கரும் உடனிருந்தனர். கிழக்கு ஆபிரிக்கரின் 11ஆவது டிவிசன் இலங்கையிற் பயிற்சி பெற்றே பர்மாவுக்குச் சென்றது. இவர்கள் யாவரும் இருந்த இடத்தில் எரல் ஃபிளின் ஒருவரே நின்றால் சீற்றம் வராதா? இலண்டனில் அப்படம் திரையிடப்பட்ட சில நாட்களிலேயே கண்டனம் எழுந்து, ஒரு வாரத்துக்குள் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. 1952ஆம் ஆண்டுவரை பிரித்தானிய மக்கள் அதை மீண்டும் காணவில்லை.

எரல் ஃபிளின் உடல்நலக் குறைவினால் போருக்கு அழைக்கப்படாதவர் என்பதும் அந்நாளில் அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. இது சற்று அநியாயமான குற்றச்சாட்டு. அரசனாக நடிப்பவன் அரசகுலத்திற் பிறந்திருக்க வேண்டும் என்று கூத்துப் பார்ப்போர் கேட்பதில்லை. ஆனால் போர்ப் படங்களைப் பொறுத்தவரையில் இக்கேள்வி ஏனோ மனிதரை விடுவதில்லை. உண்மையான துப்பாக்கியைப் பிடித்த கை இது என்று தெரிந்தால் பார்ப்பவனுக்கு ஒரு தனி நம்பிக்கை பிறக்கிறது.

மௌன்ட்பேட்டன் பிரபுவுக்கும் திரைப்படத்துக்கும் பழைய உறவு உண்டு. 1941ஆம் ஆண்டு கிரீட் தீவருகே அவர் தலைமை தாங்கிய ‘கெலி’ என்னும் நாசகாரிக் கப்பல் ஜேர்மன் விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு நோயல் கவர்ட் 1942இல் ஒரு படம் எடுத்தார். மௌன்ட்பேட்டனை நினைவூட்டும் கப்பற் தலைவனாக அவரே நடித்தார். அப்படத்தை அவருடன் சேர்ந்து இயக்கியவர், அதுவரை படத்தொகுப்பாளராக இருந்த டேவிட் லீன் என்னும் இளைஞர். பின்னாளில் அந்த லீனே மௌன்ட்பேட்டன் தலைமையகம் வைத்திருந்த பேராதனைக்குப் படப்பெட்டியுடன் வந்து ‘குவாய் நதிப் பால’த்தின் காட்சிகளை எடுத்தார். தற்செயலாக நிகழ்ந்ததுதான், ஆயினும் சுவையான தற்செயல்.

லீன் வருவதற்கு முன்னரே போர்ப் படக்காரர் இலங்கைக்கு வழி கண்டிருந்தனர். கிரெகரி பெக் நடித்து 1954இல் வெளிவந்த ‘பர்ப்பிள் பிளேன்’ என்ற படத்திற்கு இலங்கையே பர்மாவாக அமைந்தது. குண்டுவீச்சில் மனைவியை இழந்து, சாவைத் தேடித் திரியும் ஒரு விமானி, பாலைபோன்ற வெளியிலே விமானம் வீழ்ந்த பின் உயிர் வாழ விரும்பத் தொடங்குகிறான். கிரெகரி பெக் குரலை உயர்த்தாமலே நடித்தார். சத்தம் குறைந்த போர்ப் படங்களை விரும்புவோருக்கு அது இன்றும் ஏற்றது.

இனிக் குவாய் நதிக்கு வருவோருக்கு வழி கண்டியிலிருந்தே தொடங்குகிறது. பேராதனையைத் தாண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று மலைச்சரிவு வழியே இறங்கினால் கித்துல்கல வரும். இடையிலே நாவலப்பிட்டியில் ஒரு கணம் நிற்காமற் போகத் தமிழரால் இயலாது. எம். ஜி. இராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அங்கேதான் பிறந்தார். வாளேந்திய அவருடைய வெற்றியிலே மகிழ்ந்து பழகிய தலைமுறையினர், தம் நாயகன் தோற்பதையோ மடிவதையோ எளிதில் பொறுத்ததில்லை. அத்தகைய சுவையோடு ‘குவாய் நதிப் பால’த்தைப் பார்க்கப் போனவன் திகைத்திருப்பான். அங்கே நாயகர் என்று எண்ணத்தக்க ஒவ்வொருவரும் முடிவில் மடிகின்றனர். அதற்கும் மேலாக, யாருடைய வெற்றியை விரும்புவது என்றே தெரியாமற் போய்விடுகிறது.

கித்துல்கலவில் களனி கங்கை கற்பாறைகளுக்கிடையே பாய்கிறது. சயாம் நாட்டுக் காட்டுக்குப் பதிலாக இவ்விடத்தைத் தேர்ந்து, யானைகளின் உதவியோடு மரங்களை இழுத்து வந்து, நானூறு அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள மரப்பாலமொன்றைப் படத்துக்காகவே கட்டினர். அது வெறும் அட்டைப் பாலமன்று. புகையிரதத்தைத் தாங்கவல்ல மெய்யான பாலம். 1957ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் அதனை வெடிவைத்துத் தகர்ப்பதாக ஏற்பாடு. அப்போதைய பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அவர்கள் பரிவாரத்துடன் காண வந்திருந்தார். படப்பிடிப்பாளர் ஒருவர் வெடிக்கும் எல்லைக்குள்ளிருந்து உரிய நேரத்தில் அகலவில்லை. அவர் உயிருக்கு அஞ்சி லீன் வெடியை நிறுத்தினார். புகைவண்டியோ நிற்கவில்லை. ஆளில்லாத அந்த வண்டி பாலத்தைப் பத்திரமாகக் கடந்து, அக்கரையில் இருந்த மின்னாக்கப் பொறியில் மோதிச் சிதைந்தது. இரவோடிரவாக அதைச் செம்மைப்படுத்தி, மறுநாட் காலையில் பாலத்தோடு ஆற்றில் வீழ்த்தினர். பிரதமரும் மறுநாள் வந்து கண்டார். பொறியியல் வல்லோர் மாதக்கணக்கிற் கட்டியது சில விநாடிகளில் ஒழிந்தது. கதையின் பொருளும் ஏறக்குறைய அதுதான் அல்லவா?

அப்படத்துக்கு 1958ஆம் ஆண்டில் ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. சிறந்த நடிகருக்கான விருது அலெக் கின்னஸுக்குச் சென்றது. அவர் ஏற்ற கேணல் நிக்கல்சன் பாத்திரம், போர்ப் படப் பிரியர் இன்றும் வாதிடும் பாத்திரம். போர்க்கைதிகளாகிய தம் வீரரோடு முகாமுக்குள் வரும் அவர், அதிகாரிகள் உடலுழைப்புச் செய்யலாகாது என்று ஜெனீவா உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டுகிறார். ஜப்பானிய முகாம் தலைவன் அவரை வெயிலில் கொதிக்கும் தகரக் கூண்டில் அடைக்கிறான். அவர் வளைந்து கொடுப்பதில்லை. முடிவில் வெற்றியும் அவருக்கே. அதன் பின்னரோ, எதிரிக்காகக் கட்டும் பாலத்தைத் தம் படையின் பெருமைச் சின்னமாக எண்ணத் தொடங்கி, நோயாளிகளையும் வேலைக்கு அழைக்கும் நிலைக்கு அவர் வந்துவிடுகிறார். மானமும் மடமையும் ஒரே முகத்தில் இருப்பதைக் கின்னஸ் காட்டினார்.

இப்பாத்திரத்தை ஏற்க அவர் முதலில் மறுத்தார் என்பதும், ஏற்ற பின்னரும் இயக்குநரோடு பிணங்கினார் என்பதும் திரைப்பட வரலாற்றில் பதிவாகியவை. நிக்கல்சனைச் சற்று நகைச்சுவையுள்ளவராக்க வேண்டுமென்று கின்னஸ் விரும்பினார்; லீன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அப்பிணக்கினாற் படத்துக்கு நன்மையே விளைந்தது. சிரிக்கத் தெரியாத மனிதனாக நிக்கல்சன் நிற்பதனாற்றான் பார்ப்போர் அவரை நம்புகின்றனர். கூண்டிலிருந்து வெளியே வந்து, கால்கள் ஒத்துழைக்காத நிலையிலும் நிமிர்ந்து நடக்க முயலும் அந்தச் சில அடிகளை எவரும் மறப்பதில்லை. இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டு தேறிவந்த தம் மகனின் நடையை நினைவிற் கொண்டு கின்னஸ் அதனை நடித்தார். போரில் அவர் கடற்படையிற் சேவை செய்து, 1943இல் சிசிலித் தீவின் மீது நடந்த படையெடுப்பில் ஒரு தரையிறங்கு கலத்துக்குத் தலைமை தாங்கியவர். ஆனால் திரையிற் சிறந்து நின்றது மகனைப் பார்த்துத் தந்தை கற்ற நடை. எந்தப் பாத்திரத்துக்கு எந்த அனுபவம் உதவும் என்பதை முன்கூட்டியே யாரால் சொல்ல முடியும்?

கின்னஸைக் காட்டிலும் ஜப்பானியத் தலைவன் சைட்டோவாக வந்த செசூ ஹயகாவாவை விரும்புவோரும் உளர். அவ்விருப்பத்துக்குத் தக்க காரணம் உண்டு. பேசாப் படக் காலத்திலேயே, 1915இல், ஹொலிவூட்டில் பெரும்புகழ் பெற்ற ஆசிய நடிகர் அவர். ஐரோப்பாவில் போர் நடந்த ஆண்டுகளைப் பிரான்சிலே கழித்தார். ஏறத்தாழ எழுபது வயதை நெருங்கிய நிலையில் கித்துல்கலவுக்கு வந்த அவர், எதிரி என்றாற் பல்லைக் கடிக்கும் பொம்மையாக இருக்க வேண்டும் என்ற அந்நாள் வழக்கத்தை ஒதுக்கித் தள்ளினார். குறித்த நாளில் பாலம் முடியாவிட்டால் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள வேண்டிய ஒருவனின் அச்சம் அவருடைய உரத்த கட்டளைகளுக்குள்ளே கேட்கிறது. நிக்கல்சனுக்கு விட்டுக்கொடுத்த இரவில் அவன் தனியே அழும் காட்சி சில கணங்களே நீடிப்பது. வெற்றி கொண்டாடும் கைதிகளின் ஆரவாரம் வெளியே கேட்க, உள்ளே அவன் அழுகிறான். சிறந்த துணைநடிகருக்கான விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டதேயன்றிப் பரிசு கிட்டவில்லை.

வில்லியம் ஹோல்டனையும் ஜாக் ஹாக்கின்ஸையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹோல்டன் சுமந்தது உயிரை நேசிக்கும் சாமானியனின் பாத்திரம். அமெரிக்க மக்களைப் படத்துக்கு இழுத்தவரும் அவரே. ஹாக்கின்ஸ் மெய்யாகவே போர்க்காலத்தில் இந்தியாவில் இருந்து, படையினருக்கான நாடக ஏற்பாடுகளை நடத்திய கேணல். கண்டிப்பும் கனிவும் கலந்த அவர் குரலுக்கென்றே படம் பார்த்தவர்கள் இருந்தனர். பிற்காலத்தில் புற்றுநோயால் குரல்வளையை இழந்து, 1973இல் மறையும்வரை பிறர் குரல் கொடுக்க அவர் நடித்துவந்தார் என்பதை அறியும்போது, அவர் பேசும் பேராதனைக் காட்சியைக் கேட்பவரின் செவியில் அக்குரல் வேறாக ஒலிக்கிறது.

இதுவரை சொன்னவை நடிப்பின் சிறப்புக்கள். இனி, ‘இது இப்படி நடக்கவில்லையே’ என்று சொல்லும் மூன்றாமவரின் கட்சிக்கும் செவிசாய்க்க வேண்டும். பியேர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1952இல் எழுதிய நாவலே படத்துக்கு மூலம். அவர் போருக்கு முன்னர் மலாயா இறப்பர்த் தோட்டங்களில் பொறியியலாளராகப் பணியாற்றியவர். அந்த நாவலில் பாலம் தகர்வதில்லை. மெய் வரலாற்றிலோ, தமர்க்கான் என்னுமிடத்தில் மரத்தால் ஒன்றும் இரும்பாலும் சீமெந்தாலும் ஒன்றுமாக இரு பாலங்கள் எழுந்தன. 1945இல் விமானக் குண்டுகளே அவற்றைத் தாக்கின. அங்கே கைதிகளுக்குத் தலைவராயிருந்த கேணல் பிலிப் டூசி, எதிரிக்குப் பாலம் கட்டுவதிற் பெருமை கொண்டவரல்லர். வேலையைத் தாமதப்படுத்தவும், மரங்களில் கறையானை விடவும், சீமெந்துக் கலவையைக் கெடுக்கவும் அவருடைய ஆட்கள் முயன்றனர். டூசியோடு துன்புற்ற கைதிகள் பலர் படத்தைக் கண்டு மனம் புண்பட்டனர். அவ்வாற்றுக்கும் அப்போது ‘குவாய்’ என்ற பெயரில்லை. படத்தின் புகழைத் தேடிப் பயணிகள் வரவே, 1960களில் தாய்லாந்து அரசு அந்த ஆற்றுப் பகுதிக்கு அப்பெயரைச் சூட்டியது. ஒரு படத்துக்காக ஆறே பெயர் மாற்றிக்கொண்டது!

ஆனால் டூசியின் தோழர்களுக்குப் பேச வாய் இருந்தது. எழுத நூல்கள் இருந்தன. அவர்களினும் பெருந்தொகையாய் இருந்து, படத்தில் நிழலாகவும் தோன்றாதவர் வேறு சிலர் உளர்.

சயாம்–பர்மா புகையிரதப் பாதை 1942இன் பிற்பகுதியில் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடிவடைந்தது. 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதையில் 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் வருந்தினர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே பாதையில் வேலைசெய்த ஆசியத் தொழிலாளரின் தொகை 180,000 முதல் 250,000 வரை எனவும், இறந்தோர் ஏறத்தாழ 90,000 எனவும் மதிப்பிடுவர். அதனினும் மிகுதி என்பாரும் உளர். பர்மியரும் சாவகரும் மலாயரும் சீனரும் அவர்களுள் இருந்தனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோருட் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டத் தமிழர். ‘சயாம் மரண ரயில்’ என்று மலேசியத் தமிழர் இன்றும் அதனைக் குறிப்பர். நல்ல சம்பளம், மூன்று மாத வேலை என்று ஆசைகாட்டி அழைக்கப்பட்டவர் பலர். பலவந்தமாகப் பிடித்தேற்றப்பட்டவர் பலர். இலவசமாகப் படம் காட்டுவதாக அறிவித்து, கூடியவர்களை உள்ளே வைத்துக் கதவடைத்து, புகைவண்டியில் ஏற்றிய நிகழ்ச்சிகளையும் அக்காலத்தைப் பற்றி எழுதியோர் குறித்துள்ளனர். படம் பார்க்கும் ஆசையால் மரணப் பாதைக்குச் சென்ற அம்மக்களை, அப்பாதையைப் பற்றிய உலகப் புகழ்பெற்ற படத்தில் தேடினால் காணமுடிவதில்லை.

நிக்கல்சன் தகரக் கூண்டில் நின்று வாதாடிய ஜெனீவா உடன்படிக்கையில் இம்மக்களுக்கு இடமில்லை. அவர்கள் போர்க்கைதிகளல்லர், கூலிகள். கைதிகளின் முகாமில், கையில் மருந்தில்லாவிட்டாலும் இராணுவ வைத்தியர் இருந்தார். கணக்கெழுத அதிகாரி இருந்தார். கூலிகளின் முகாமில் வாந்திபேதி பரவியபோது பார்க்க ஆளில்லை. இறந்தவர் பெயரை எழுதவும் ஆளில்லை. தாய்லாந்தில் காஞ்சனபுரிப் போர்மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் பெயரும் வயதும் பொறித்து அழகுறப் பேணப்படுகின்றன. தமிழ்த் தொழிலாளரின் எலும்புகளோ பெயரின்றிப் பாதையோரத்திற் கிடந்தன. அவர்கள் கதையைச் சொல்லும் கடமை பிற்காலத்தில் மலேசியத் தமிழ் எழுத்தாளரிடமே வந்து சேர்ந்தது. ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி ஆகியோர் அதனை நாவல்களாக்கினர்.

கண்டியைச் சூழவுள்ள மலைநாட்டுக்கு இது அயலார் கதையன்று. சென்ற நூற்றாண்டுகளில் திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஒரே ஊரார் இரு திசைகளிற் பிரிந்தனர். ஒருவர் கப்பலேறி மலாயா சென்று பால்மரம் வெட்டினார். ஒருவர் மன்னார் வழியே காட்டைக் கடந்து ‘கண்டிச் சீமை’க்கு வந்து கோப்பியும் தேயிலையும் நட்டார். அண்ணன் தம்பி என்றே சொல்லத்தக்க அந்த இரு பிரிவினரில் ஒரு சாரார் மெய்யான பாதையிலே மடிந்தனர். மற்றச் சாரார் வாழும் மலைகளின் அடிவாரத்திலேயே அந்தப் பாதைக்கு மாதிரிப் பாலம் எழுந்தது. பாலத்தை எழுப்ப யானைகள் வேண்டும் என்று உணர்ந்த படக்குழுவினருக்கு, கதையிலே தொழிலாளர் வேண்டும் என்று தோன்றவில்லை. பர்மாவில் தம் வீரர் மறைக்கப்பட்டார் என்று 1945இல் சினந்தெழுந்த அதே ஆங்கில நாட்டில், 1957இல் வெளியான இப்படத்தைப் பற்றி அத்தகைய கிளர்ச்சி ஏதும் மூளவில்லை. வியப்பதற்கில்லை. தன்னைக் காணாதபோது வருந்தும் கண், அயலானைக் காணாதபோது வருந்துவது அரிது.

அப்படியாயின் அப்படத்தை வெறுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. கின்னஸின் நடையும் ஹயகாவாவின் கண்ணீரும் பொய்யாகிவிடவில்லை. போரிற் கடமை என்பது எப்படித் தன்னையே மறந்து கண்ணிழக்கிறது என்பதை அதனினும் தெளிவாகச் சொன்ன படம் அரிது. ஆனால் அதனை விரும்புகிறவர், அது எதனைச் சொல்லாமல் விட்டது என்றும் அறிந்து விரும்புதல் தகும். பாட்டனார் ஒருவரின் படத்தைச் சுவரில் மாட்டி வணங்குகிறவர், அவர் கடன் வைத்துவிட்டுப் போனதையும் மறப்பதில்லையே!

தமிழ்த் திரையும் போரைத் தொடாமல் விட்டுவிடவில்லை. சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் 1945இல் எடுத்த ‘பர்மா ராணி’யில் கே. எல். வி. வசந்தா நடித்தார். அரசாங்கத்தின் போர் முயற்சிக்கு ஆதரவு தேடும் படங்கள் வேண்டப்பட்ட காலத்தில் எழுந்த படம் அது. சீனப் போரின் பின், 1963இல், சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த ‘இரத்தத் திலகம்’ வந்தது. கவிஞர் கண்ணதாசன் அதைத் தயாரித்தார். அதிலே குண்டுகளை விடக் கண்ணீரும் பாட்டும் மிகுதி. ஆங்கிலப் படங்களிற் பழகியோர் இதைக் குறையாகச் சொல்வர். பிரிவே போரின் பெருந்துயர் என்று கருதும் மக்களுக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

இத்தீவின் சொந்தப் போரிலிருந்து எழுந்த படங்களுள் ஒன்றையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். பிரசன்ன விதானகே 1997இல் இயக்கிய ‘புரஹந்த களுவர’ என்னும் சிங்களப் படத்தில் சண்டைக் காட்சியே இல்லை. முத்திரையிட்ட பெட்டியில் வீட்டுக்கு வந்த மகன் மெய்யாகவே இறந்துவிட்டான் என்பதை நம்ப மறுக்கும் கண்ணிழந்த கிராமத்துத் தந்தையின் கதை அது. ஜோ அபேவிக்கிரம அத்தந்தையாக நடித்தார். நகைச்சுவையாற் புகழ் பெற்றிருந்த ஒரு நடிகர், பார்வையற்ற கண்களோடு வறண்ட குளக்கரையில் மௌனமாய் அமர்ந்திருப்பார்; அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டில் அப்படத்தைத் திரையிடுவது தடுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பின் பின் 2001இல் மக்கள் அதைக் கண்டனர். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நிற்கும் அந்த முதியவரைக் கண்ட எந்தத் தாய்க்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்பட்டிராது. தெற்கிலே பெட்டி வந்தது. வடக்கிலே பலருக்குப் பெட்டியும் வரவில்லை.

கண்டி நகரிலும் இரண்டாவது உலக மகாயுத்தத்தில் இறந்தோருக்கென ஒரு போர்மயானம் உண்டு. பிரித்தானியர், இலங்கையர், இந்தியர், கிழக்கு ஆபிரிக்கர் என்று பல நாட்டவர் அங்கே புல்வெளியில் உறங்குகின்றனர். ஆங்கிலேய அதிகாரியின் கல்லும் ஆபிரிக்கச் சிப்பாயின் கல்லும் ஒரே உயரம். எந்தப் போர்ப் படத்திலும் இவ்வளவு பேருக்கும் ஒருங்கே இடம் கிடைத்ததில்லை.

கித்துல்கலவில் இன்று பாலம் இல்லை. அதைத் தாங்கிய சீமெந்து அத்திவாரங்கள் மட்டும் கரையோரப் பாறைகளிடையே எஞ்சியுள்ளன. ஆற்றின் வேகத்தில் இறப்பர்ப் படகு விட்டு விளையாட வரும் இளைஞர் அவற்றைக் கடந்து செல்கின்றனர். படத்தை அறிந்தவர் சிலர் கரையில் நின்று, கைதிகள் அணிவகுத்து வரும்போது சீழ்க்கையடிக்கும் அந்த மெட்டைத் தாமும் சீழ்க்கையடித்துப் பார்ப்பதுண்டு. மேலே மலைச்சரிவில், கூடை சுமந்த பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள்.